டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ், தூக்கம் மட்டும் வரவில்லை

கேள்வி: வயது 28. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன் வெளியூர் போன இடத்தில் ஒரே ஒரு முறை தவறு செய்துவிட்டேன். ஆணுறை அணிந்திருந்தேன். அதன் பிறகு எச்.ஐ.வி. பரிசோதனை மட்டும் 11 முறை செய்தேன், எல்லாம் நெகட்டிவ். வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் டெஸ்ட்), ஹெபடைடிஸ் பி, சி, சிறுநீரில் கொனோரியா, கிளமிடியா எதுவும் இல்லை. ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. மட்டும் பாசிட்டிவ். நாக்கில் வெள்ளையாகப் படிகிறது, தொடை இடுக்கில் நெறிக்கட்டி, ஆணுறுப்பில் சிறு பொரிகள், 9 கிலோ எடை குறைந்துவிட்டது. தை மாதம் கல்யாணம். நோய் உடம்பில் ஒளிந்திருக்கிறதா? (பெயர், முகவரி வேண்டாம்)

பதில்: ஒளிந்திருக்கவில்லை தம்பி. உங்களுக்கு எச்.ஐ.வி. இல்லை. சிபிலிஸ் இல்லை. மஞ்சள் காமாலைக் கிருமி பி, சி இரண்டும் இல்லை. தை மாதம் தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம். இந்த நோய்கள் எதுவும் உங்களிடமிருந்து அந்தப் பெண்ணுக்குப் போகாது.

இதைப் பதினொரு லேப் சொல்லியும் நம்பாதவர், நான் சொல்லி நம்புவீர்களா? அதனால் ஏன் நம்பலாம் என்று சொல்கிறேன். இப்போது செய்யப்படும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை இரண்டைத் தேடுகிறது: கிருமியின் உடலில் உள்ள பி24 என்ற புரதம், அந்தக் கிருமியை எதிர்க்க உங்கள் உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள். லேபில் முறையாக ரத்தம் எடுத்துச் செய்தால், தொற்று இருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருமே 45 நாளுக்குள் சிக்கிவிடுவார்கள். மூன்று மாதத்தில் நெகட்டிவ் என்றால் கேஸ் முடிந்தது. உங்கள் ரிப்போர்ட்டுகளில் முதலாவது ஆறாவது வாரம், இரண்டாவது மூன்றாவது மாதம். மற்ற ஒன்பதும் வீண் செலவு.

'பத்து வருஷம் கழிச்சுத்தான் தெரியும்' என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பிடித்து ஆட்டுவது இந்த அரைகுறைத் தகவல்தான். சிகிச்சை எடுக்காத ஒருவருக்கு எய்ட்ஸ் நிலையின் அறிகுறிகள் வெளியே தெரிய எட்டு, பத்து ஆண்டுகள் ஆகலாம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பத்து ஆண்டும் அவருடைய ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்துகொண்டே இருக்கும், பரிசோதனையும் பாசிட்டிவ் என்றே வரும். கிருமி செல்லுக்குள் பதுங்கும் என்பதும் நிஜம். ஆனால் அதன் தடயம் பதுங்குவதில்லை. ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பழைய தலைமுறைப் பரிசோதனைகளுக்குப் போட்ட கணக்கு.

இந்த பயத்துக்கு நம் ஊரில் வயது அதிகம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில், 1986ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு 'ஆட்கொல்லி நோய்' என்ற சொல்லைக் கேட்டே இரண்டு தலைமுறை வளர்ந்துவிட்டது. மருத்துவமோ எங்கேயோ போய்விட்டது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். ஒழுங்காக மாத்திரை எடுத்து, கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கி, அப்படியே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை. அப்படிக் கல்யாணம் செய்து, குழந்தை பெற்று வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நோய் உள்ளவர்களே வாழும்போது, நோய் இல்லாத நீங்கள் செத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெர்பிஸ் முதல் வகை ஐ.ஜி.ஜி., அதாவது அந்தக் கிருமி எப்போதோ வந்ததற்கான எதிர்ப்பொருள், உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில் முத்தத்திலும் எச்சிலிலும் வந்தது. புண்ணே இல்லாதவருக்கு இந்த டெஸ்ட்டே தேவையில்லை, பேக்கேஜில் சேர்த்து விற்கிறார்கள். ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றி ஒரே அளவில் வரிசையாக இருக்கும் பொரிகள் இயற்கையானவை, தோலின் அமைப்பே அப்படி. தொடை இடுக்கில் பட்டாணிக்கும் சின்னதாக நெறி தட்டுப்படுவது, செருப்பில்லாமல் நடந்து வளர்ந்த நம் ஆட்களில் சாதாரணம். நீங்கள் அதை ஒரு நாளைக்குப் பத்து முறை அமுக்குகிறீர்கள். வலிக்காமல் என்ன செய்யும்? நாக்கைக் காலையில் வழித்தால் போதும். வலியில்லாத புண், சிறுநீர்த் தாரையில் சீழ், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு, இவற்றில் ஒன்று வந்தால் டாக்டரிடம் ஓட வேண்டும். நீங்கள் அனுப்பிய எதிலும் இவை இல்லை.

இரண்டு விஷயங்களுக்குக் கோபப்படத்தான் வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கி டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளை நான்கு முறை போட்டிருக்கிறீர்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்? நோய் இல்லாதவருக்கு அது வயிற்றைக் கெடுக்கும். நோய் இருப்பவர் அரைகுறையாகப் போட்டால் அறிகுறி மறையும், கிருமி மறையாது. மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். கொனோரியாவில் உலகம் முழுக்க இன்று அந்தத் தொல்லைதான். அடுத்தது, தினமும் டெட்டால் ஊற்றிக் கழுவுவது. எரிச்சல் அதனால்தான் வருகிறது. இன்றோடு நிறுத்துங்கள்.

இப்போது நான் உண்மையில் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நாக்கை மட்டும் 31 படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் தேதி போட்டு. பெரும்பாலானவை அதிகாலை மூன்று மணிக்கு, செல்போன் டார்ச் வெளிச்சத்தில், குளியலறைக் கண்ணாடி முன்னால் எடுத்தவை. நாக்கில் ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையத்தைப் பார்த்தேன், கன்னம் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். கையால் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, படிக்க முடியாதபடி அடித்திருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தின் அடியில், எடை, நெறி எல்லாம் முடிந்த பிறகு, பொடி எழுத்தில் ஒரு வரி: 'நான் இல்லாமல் போனால் அவளாவது தப்பிப்பாள் என்று சில ராத்திரி தோணுது.'

நீங்கள் பட்டியல் போட்ட பதினைந்து அறிகுறிகளில் நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். ஒன்பது கிலோ குறைந்ததும், நடுச்சாமத்தில் விழிப்பதும், சாப்பாடு இறங்காததும் இதோடு சேர்ந்தவை. இது ஒரு நோய். பெயர் உண்டு, மருந்து உண்டு, குணமாகும். ஒரு குற்ற உணர்ச்சி பயமாகி, பயம் மன அழுத்தமாக முற்றியிருக்கிறது. பால்வினை நோய்ப் பிரிவில் வேலை பார்த்த எல்லா டாக்டருக்கும் இது பழக்கம்: ரிப்போர்ட் கையில் வாங்கியதும் முகம் மலரும், நான்கு நாள் நிம்மதி, ஐந்தாம் நாள் 'லேப்காரன் மாற்றி வைத்திருந்தால்?' என்று மறுபடி தொடங்கும். பரிசோதனை செய்யச் செய்ய இந்த சந்தேகம் வளரும். அதனால்தான் பன்னிரண்டாவது டெஸ்ட்டுக்கு நான் எழுதித் தரமாட்டேன்.

இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். கல்யாணம் முடியட்டும் என்று தள்ள வேண்டாம். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு போட்டால் போதும். எடை குறைந்ததற்குத் தைராய்டு, சர்க்கரை, நெஞ்சு எக்ஸ்ரே மூன்றும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்வார்கள்; நானும் அதையே சொல்கிறேன். மன அழுத்தத்துக்கு மாத்திரை எழுதினால், பலன் தெரிய சில வாரம் ஆகும், பொறுத்துப் போடுங்கள். போதைக்கு அடிமையாக்கும் மாத்திரை அல்ல அது. ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. கூடவே பேச்சு சிகிச்சை. கண்ணாடி முன் போகவேண்டும் என்று கை பரபரக்கும்போது போகாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அரை மணி, ஒரு மணி நேரம் பதற்றம் ஏறி, அதுவாகவே இறங்கும்.

அண்ணனோடு ஒரே அறையில் படுப்பதாகவும், நீங்கள் டயட்டில் இருப்பதாக அவர் நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே அவரிடம் பேசுங்கள். வெளியூர்க் கதையைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. 'அண்ணா, எனக்குத் தூக்கமே வர்றதில்லீங்க. சாகலாம்னு நெனப்பு வருது. டாக்டர்கிட்ட கூட வாங்க.' இவ்வளவு போதும். ராத்திரி அந்த நினைப்பு வந்தால் 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, காசில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். நினைப்பு வலுத்தால் விடியும்வரை காத்திருக்காமல் அண்ணனை எழுப்பி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பெண்ணிடம் பழையதைச் சொல்லவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் இல்லாததால் மருத்துவக் காரணத்துக்காகச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. மனசுக்காகச் சொல்ல நினைத்தால், முதலில் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, உடம்பு தேறிய பிறகு யோசியுங்கள். இந்த நிலையில் எடுக்கும் எந்த முடிவும் பயம் எடுக்கும் முடிவாகவே இருக்கும்.

டாக்டரிடம் போகும்போது பதினொரு ரிப்போர்ட்டையும் சுமந்துகொண்டு போக வேண்டாம். எனக்கு எழுதிய கடிதத்தின் நான்காம் பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய் வராவிட்டால் அதை எடுத்து நீட்டுங்கள், அவர் படித்துக்கொள்வார்.