எனக்குப் பாட வராது டாக்டர், போனில் பாட்டு வைத்தால் போதாதா?

கேள்வி: எங்களுக்குத் தக்கலை பக்கம். மகனுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். நான் மாசமாக இருந்தபோது, வயிற்றில் ஹெட்போன் வைத்து நல்ல சங்கீதம் கேட்க வைத்தால் பிள்ளை புத்திசாலியாகப் பிறக்கும் என்று தோழி சொன்னாள். நான் செய்யவில்லை. அது இப்போதும் மனதை உறுத்துகிறது. மாமியார் தாலாட்டுப் பாடித்தான் தூங்க வைப்பார்கள். எனக்குப் பாடவே வராது, குரலும் கரகரப்பு. அதனால் கஞ்சி கொடுக்கும்போதும் சமையல் நேரத்திலும் போனில் குழந்தைப் பாட்டு போட்டு முன்னால் வைத்துவிடுகிறேன். அசையாமல் பார்க்கிறான். பின்னால் நின்று கூப்பிட்டால்கூடப் பல நேரம் திரும்புவதில்லை, அந்த அளவுக்குப் பாட்டில் லயித்துவிடுகிறான். பாட்டுக் கேட்டால் மூளை வளரும் என்பது உண்மையா? அடுத்த மாதம் ஊர் அம்மன் கோவிலில் கொடை விழா. பிள்ளையைக் கொண்டுபோகலாமா?

பதில்: போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று. முதலில் அதைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏழு மாதப் பிள்ளை, தெரிந்த குரல் பக்கவாட்டிலிருந்து வந்தால் தலையைத் திருப்பித் தேட வேண்டும். உங்கள் மகன் போனில் மூழ்கியதால் திரும்பாமல் இருந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கையை வைத்துக் காதை விட்டுவிட முடியாது. இன்றைக்கே இதைச் செய்து பாருங்கள். போன், டிவி, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிள்ளையை மாமியார் மடியில் உட்கார வையுங்கள். உங்கள் நிழலோ அசைவோ கண்ணில் படாதபடி அவனுக்குப் பின்னால், ஒரு பக்கமாக, ஒரு கை தூரத்தில் நின்று, சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரம் விட்டு அடுத்த பக்கம். பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரை மெதுவாகக் கசக்குங்கள். சில வீடுகளில் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்துவிட்டு, 'பிள்ளை திடுக்கிட்டான், காது கேட்கிறது' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அது சோதனையே ஆகாது. காது நன்றாகக் குறைந்த பிள்ளையும் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிடும், தரையின் அதிர்வுக்கும் திடுக்கிடும்.

இரண்டு மூன்று நாள் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். பிறந்தபோது காது பரிசோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜ் தாளில் பார்த்து, அதையும் கையோடு எடுத்துப் போங்கள். பிறந்ததும் சில நாள் ஐ.சி.யூ.வில் இருந்தானா, மஞ்சள் காமாலை அதிகமாகி ரத்தம் மாற்றினார்களா, சொந்தத்தில் கல்யாணமா, குடும்பத்தில் சிறுவயதிலேயே காது கேட்காதவர் உண்டா என்றெல்லாம் டாக்டர் கேட்பார். காது கேட்கிறதா என்று கருவி வைத்துப் பார்க்கும் ஓ.ஏ.இ., பெரா என்ற இரண்டு பரிசோதனைகளிலும் ஊசி கிடையாது, வலி கிடையாது. பெரா எடுக்கும்போது பிள்ளை தூங்க வேண்டும், அவ்வளவுதான். சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தாலும் கேட்பது மந்தமாகும். அது சரியாகிவிடக் கூடியது. பிறவிக் குறையாக இருந்தால் நாள் கடத்தக் கூடாது. ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகம் முழுக்க நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் பிள்ளை ஆறைத் தாண்டிவிட்டான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். செலவை நினைத்துத் தள்ளிப்போடவும் வேண்டாம். காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உட்காதில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை வரை தேவைப்பட்டாலும், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது.

சரி, இனி உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். ஹெட்போன் வைக்காததால் உங்கள் மகன் எதையும் இழக்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆறாம் மாதம் வாக்கில் காது வேலை செய்யத் தொடங்கிவிடும். அப்போதிருந்து அது மிகத் தெளிவாகக் கேட்ட குரல் உங்களுடையதுதான். வெளிச் சத்தம் வயிற்றுச் சுவரைத் தாண்டி மங்கித்தான் உள்ளே போகும். அம்மாவின் குரலோ உடம்புக்குள்ளாகவே, எலும்பு வழியாகவும் போய்ச் சேரும். பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் வேறு பெண்களின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்கவே விரும்புகின்றன என்று 1980-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் கரகரப்பு என்று ஒதுக்குகிற குரல் அவனுக்குப் பிறக்கும் முன்பே பழகிய குரல். இன்னொரு பாடகியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவே தோன்றாது.

சங்கீதம் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1993-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. 36 கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிடம் மோட்சார்ட் என்ற மேற்கத்திய இசைமேதையின் இசையைக் கேட்க வைத்து, காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கணக்குகளைக் கொடுத்தார்கள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் கால் மணி நேரத்துக்குள் மறைந்தும் போனது. அந்த ஆய்வில் ஒரு குழந்தைகூடக் கிடையாது. ஆனால் செய்தி பரவிய வேகத்தில், 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர் அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத் தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். அந்த அலையின் மிச்சம்தான் உங்கள் தோழி சொன்ன ஹெட்போன்.

அப்படியானால் பாட்டால் பயனே இல்லையா என்று கேட்காதீர்கள். நிறைய இருக்கிறது. ஆனால் அந்தப் பயனில் பெரும்பங்கு, பாடுகிற ஆள் பிள்ளைக்கு எதிரில் இருப்பதால் வருவது.

'நண்டூறுது, நரியூறுது' விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் உள்ளங்கையில் உங்கள் விரல் சுற்றும், பிறகு மணிக்கட்டு, முழங்கை என்று நடந்து போய் கக்கத்தில் கிச்சுக்கிச்சு. முதல் இரண்டு நாள் கக்கத்தைத் தொட்ட பிறகுதான் சிரிப்பான். ஒரு வாரம் தொடர்ந்து ஆடிப் பாருங்கள். விரல் முழங்கையைத் தாண்டும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிக்கத் தொடங்குவான். அடுத்து வரப்போவது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இதற்குப் பிறகு இது வரும் என்று நினைவில் வைத்து எதிர்பார்ப்பது ஏழு மாத மூளைக்குப் பெரிய வேலை. பேச்சைப் புரிந்துகொள்வதும் இப்படித்தான் தொடங்குகிறது. நீங்கள் முழங்கையில் விரலை நிறுத்தி, அவன் முகத்தைப் பார்த்தால், அவன் 'ம்ம்' என்று உங்களை அவசரப்படுத்துவான். அந்த 'ம்ம்' அவனுடைய முறை. நீங்கள் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, உரையாடல் நடக்கிறது. போன் நிற்காது, முகம் பார்க்காது, அவனுடைய முறையை அவனுக்குக் கொடுக்காது.

மடியில் வைத்துச் சாய்ந்தாட விடுவதும் அப்படித்தான். இடமும் வலமும் சாயும்போது விழாமல் நிமிரப் பார்க்கிறான், முதுகும் கழுத்தும் பழகுகின்றன. உட்காரப் பழகும் வயதுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கனடாவில் 14 மாதக் குழந்தைகளை இசைக்கு ஏற்பக் குதிக்க வைத்துப் பார்த்தார்கள். எதிரில் நின்றவர் அதே தாளத்தில் ஆடியிருந்தால், அவர் பிறகு கீழே போட்ட பொருளை எடுத்துக்கொடுக்கக் குழந்தைகள் கூடுதலாக முன்வந்தன. சேர்ந்து ஆடியவர் மேல் ஒட்டுதல் வருகிறது. நம்முடைய பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி கொட்டுவதை, அதாவது கை தட்டுவதைப் பாடுவார்கள். இன்று எங்கள் ஓ.பி.யில் ஒன்பது, பத்து மாதப் பிள்ளை வந்தால் கை தட்டுகிறதா என்றுதான் நாங்களும் கேட்கிறோம்.

உங்கள் மாமியார் பாடுகிற தாலாட்டைத் தயவுசெய்து நிறுத்த விடாதீர்கள். ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்குப் பழக்கமே இல்லாத மொழியில் பாட்டுப் போட்டுப் பார்த்ததில், வெறும் பேச்சைக் கேட்டதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் அழாமல் இருந்தார்கள். தெரியாத மொழிக்கே அப்படி என்றால், நெஞ்சோடு அணைத்துத் தெரிந்த குரலில் பாடும்போது கேட்கவா வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அந்த வரிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: சேலைத் தொட்டிலில் போடுவதாக இருந்தால் இனி கவனம் வேண்டும். இந்த வயதில் பிடித்து எழப் பார்ப்பான். தொட்டில் தாழ்வாக இருக்கட்டும், ஆள் பக்கத்தில் இருக்கட்டும், தூங்கியதும் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிடுங்கள்.

உங்களுக்கு ராகம் வராவிட்டால் ராகமே வேண்டாம். எண்ணெய் தேய்க்கும்போது, 'காலை நீட்டு மக்ளே, கையை நீட்டு மக்ளே, குளிக்கப் போவோம் மக்ளே' என்று இழுத்து இழுத்துச் சொல்லுங்கள். அதுவே பாட்டுதான். தினமும் அதே இடத்தில் அதே வார்த்தை வர வேண்டும், அது முக்கியம். கொஞ்ச நாளில் 'காலை' என்றதும் காலை உதைப்பான். மூன்று நான்கு பாட்டு போதும். புதிது புதிதாகத் தேட வேண்டியதில்லை. குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வருவதுதான் பிடிக்கும்.

கஞ்சி நேரத்துப் போனை இன்றே எடுத்துவிடுங்கள். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதையேதான் சொன்னது. அசையாமல் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற நிறமும் வெளிச்சமும் அவன் கண்ணைக் கட்டிப்போட்டிருக்கின்றன. வாயில் விழுவது ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சியா, ராகியா என்று அவனுக்குத் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. கவனமில்லாமல் விழுங்கினால் புரையேறவும் செய்யும். முதல் மூன்று நான்கு நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். பரவாயில்லை, பிறகு பழகிவிடுவான். சமைக்கும்போது அடுப்பிலிருந்து தள்ளி, உங்கள் கண் படும் இடத்தில் பாய் விரித்து உட்கார வைத்து, ஒரு எவர்சில்வர் டம்ளரும் மரக்கரண்டியும் கொடுங்கள். அவன் தட்டட்டும், நீங்கள் அங்கிருந்தே குரல் கொடுங்கள். எப்போதாவது திரை தெரியாமல் மெதுவாகப் பாட்டு ஓடினால் குற்றமில்லை. நாள் முழுக்க ஓட விட்டால் நீங்கள் பேசுவது அவன் காதில் தெளிவாக விழாது.

உங்கள் கணவருக்கு மட்டும் விலக்கு உண்டு. உறவினரோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதைத் திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் கூப்பிடும்போதெல்லாம் ஒரே நாலு வரிப் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். நீங்கள் பிள்ளையை மடியில் வைத்து, அவர் தாளத்துக்கு ஆட்டுங்கள். லீவில் வந்து இறங்கி அந்த நாலு வரியை அவர் பாடினால், பிள்ளை அவரிடம் போகத் தயங்குவது குறையும்.

கொடைக்குத் தாராளமாகக் கொண்டுபோங்கள். வில்லுப்பாட்டும் கூட்டமும் அவனுக்கும் வேண்டும்தான். ஆனால் கூம்பு ஸ்பீக்கருக்கும் பாக்ஸ் ஸ்பீக்கருக்கும் பக்கத்திலோ, செண்டை மேளத்துக்கு முன்னாலோ நிற்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் பிள்ளைக்கு ஆகாது. குழந்தையின் காதுக்குழாய் சிறியது, கூர்மையான சத்தம் உள்ளே இன்னும் பெருகும். காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. தள்ளி நிற்பதுதான் வழி. வெடி போடும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஸ்பீக்கர் உங்கள் வீட்டு வாசலைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தால், திருப்பிக் கட்டச் சொல்லி விழாக் கமிட்டியிடம் முன்கூட்டியே மாமியாரைப் பேசச் சொல்லுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள்.