உரோமமுள்ள அரக்கன்மீது மட்டும் ஏன் இரக்கம் வருகிறது?

கதையில் ராட்சதக் குரங்கு செத்தால் தொண்டை அடைக்கிறது. ராட்சதப் பூச்சி செத்தால் 'ஒழிந்தது சனியன்' என்கிறோம். ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முகம்தான் முக்கியக் காரணம் என்பேன். பாலூட்டிகளுக்குத் தோலோடு ஒட்டிய முகத்தசைகள் உண்டு. உதடு துடிக்கும், நெற்றி சுருங்கும். தேளுக்கு அந்த வசதி இல்லை. பாம்பால் கண்ணிமைக்கக்கூட முடியாது!

நாயைப் பாருங்கள்: உள்புருவத்தை உயர்த்தும் தசை ஓநாயைவிட அதற்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. அந்த ஒரு அசைவிலேயே நாம் கவிழ்ந்துவிடுகிறோம். பெரிய கண், உருண்டை நெற்றியைக் கண்டால் பேணத் தோன்றும் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதிவிட்டார்.

பாலூட்டும் விலங்கென்றால் தாய்ப்பாசத்தையும் நாமே சேர்த்துக்கொள்கிறோம். முதலையும் குட்டிகளை வாயில் ஏந்திக் காப்பாற்றும்தான். பாவம், அதன் முகம் அதைச் சொல்வதில்லை.