1:12 பொம்மை வீடு: தாள் ஒட்டியதும் வளைந்த சுவர்

வணக்கம். விண்ட்சர் கோட்டையில் உள்ள ராணி மேரி பொம்மை வீட்டைப் போல ஒன்று கட்ட ஆசை, ஆனால் 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) சுவரில் ஃபெவிக்கால் தடவித் தாள் ஒட்டியதும் உள்பக்கமாக வளைந்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல ஆசை, அதுவும் 1:12 அளவுதான், அதாவது நிஜ அளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

காரணம் ஈரம். பசையில் நனைந்த தாள் விரியும். காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். மறுபக்கம் எதிர் இழுவை இல்லை.

தாளைக் கிழிக்காதீர்கள். வெளிப்பக்கமும் அதே பசை, அதே கனத்தில் தாள் ஒட்டுங்கள். இருபுறமும் பட்டர் பேப்பர் விரித்து, இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி ஒரு முழு நாள் விடுங்கள். பாதி ஈரத்தில் எடுத்தால் மறுபடி வளையும்.

மீதிச் சுவர்களுக்கு முதலில் இருபுறமும் பிரைமர் அடியுங்கள், விளிம்பையும் விடாமல். பத்தடி உயர அறை இந்த அளவில் 25.4 செ.மீ. வரும், அதற்கு 3 மி.மீ. மெலிசு, 6 மி.மீ. போடுவதே சரி. ஆனால் தரைப்பலகையில் சுவர் செருக வெட்டிய காடிகளையும் (பள்ளங்களையும்) அகலப்படுத்த வேண்டியிருக்கும்.

விளக்கு வைப்பதானால் மின்கம்பிக்குப் பதிலான செப்பு டேப்பை முதலில் ஒட்டி, 12 வோல்ட் கொடுத்து எரிகிறதா என்று பார்த்த பிறகே தாள் ஒட்டுங்கள்.