காஸ் சிலிண்டரும் இலட்சிய வாயுவும்

வணக்கம் ஐயா,

நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். இலட்சிய வாயு என்று உலகத்தில் ஒன்றுமே இல்லையாம், ரியூசனில் இப்போதுதான் சொல்கிறார்கள். அப்படியென்றால் இவ்வளவு நாளும் அதற்குரிய PV = nRT என்ற சமன்பாட்டில் ஏன் கணக்குச் செய்தோம்? மெய்யான வாயுக்களுக்குரிய வந்தர்வாலின் சமன்பாட்டை முதலிலேயே படிப்பித்திருக்கலாமே?

— ஒரு வாசகி, சாவகச்சேரி

அன்புள்ள பிள்ளைக்கு,

கோபம் நியாயந்தான். குசினிக்குள் போய் காஸ் சிலிண்டரை ஒருக்கால் பாரும். 12.5 கிலோ. உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூற்றேனும் கலந்த கலவை. கணக்குக்காக முழுவதும் பியூற்றேன் என்று வைப்போம். ஏறத்தாழ 215 மூல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) வரும். கொள்ளளவு 30 லீற்றர், வெப்பநிலை எங்கள் ஊர் 30 பாகை என்று போட்டால், உமது பழைய சமன்பாடு 180 வளிமண்டல அமுக்கம் என்று சொல்லும். உண்மையில் பியூற்றேன் மட்டும் என்றால் மூன்றுகூட இராது.

இலட்சிய வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. பியூற்றேன் அப்படியில்லை, ஒன்றையொன்று இழுக்கும், அமுக்கினால் திரவமாகிவிடும். சிலிண்டரை ஆட்டும்போது தளம்புகிற சத்தம் அதுதான். திரவம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் வரை அமுக்கம் பெரிதாக இறங்காது. அதனால்தான் அடுப்பு கடைசி நாள் வரை நன்றாக எரிந்துவிட்டு, புட்டு அவியும் நேரம் பார்த்து அணைகிறது. 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற நாட்களில் நானும் காலையில் எழுந்ததும் சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பேன்.

சரி, இனிக் கடலுக்கு வாரும். கடலட்டை எடுக்க முதுகில் சிலிண்டரோடு இறங்குகிறார்களே, அதில் காற்றை 200 வளிமண்டலம் அளவுக்கு அடைக்கலாம். அங்கே அதே பழைய சமன்பாடு மூன்று வீதந்தான் பிழைக்கும். அதுவும் மறுபக்கமாக: கணக்குச் சொல்வதைவிடச் சற்றுக் குறைவான காற்றே உள்ளே இருக்கும். இழுவை அங்கும் உண்டு. ஆனால் அவ்வளவு நெருக்கத்தில், மூலக்கூறுகள் தாமே அடைத்துக்கொள்ளும் இடம் இழுவையை முந்திவிடுகிறது.

வந்தர்வால் 1873இல் தன் ஆய்வேட்டில் செய்ததும் இந்த இரண்டு திருத்தத்தைத்தான். தச்சர் ஒருவரின் மகன், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். 1910இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாறிலிகளில் ஒன்று இழுவைக்கு, மற்றது பருமனுக்கு. இரண்டையும் பூச்சியமாக்கிப் பாரும், நீர் கோபப்படும் சமன்பாடே திரும்பி வரும். உமது வகுப்பறைக் காற்றுக்கு அது தாராளமாகப் போதும். ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிழைக்காது.

அந்த 180 கையில் இருந்ததால்தானே மூன்று என்றதும் உமக்கு ஏன் என்று கேட்கத் தோன்றியது? இனி அட்டவணையை எடுத்து இழுவை மாறிலிகளைப் பாரும். பியூற்றேனுடையது நைதரசனுடையதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. ஈலியத்தினுடையதையும் பார்த்துவிட்டு, அதைச் சிலிண்டரில் அடைத்தால் ஏன் தளம்பாது என்று எனக்கு எழுதும்.