தாய் நாயைப் பார்த்தீர்களா?

கேள்வி: ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கலாம் என்று இருக்கிறோம். தெரிந்தவர் சொன்ன ஒருவரிடம் ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள். பிறந்து 40 நாள் ஆகிறதாம். ‘45-வது நாள் வந்து தூக்கிக்கொண்டு போங்கள், 12,000 ரூபாய்’ என்கிறார். என் வீட்டுக்காரருக்குப் பால் வெள்ளையில், ரோஸ் மூக்கோடு, ஒரு புள்ளிகூட இல்லாத கடுவன் குட்டிதான் வேண்டும். எனக்குக் காதோரம் பழுப்புத் திட்டு விழுந்த ஒரு பெட்டைக்குட்டி பிடித்திருக்கிறது. ஏழில் எதை எடுப்பது? எப்படிப் பார்ப்பது? (மதுரை வாசகி)

பதில்: ஏழில் எது என்பது கடைசியில் வரவேண்டிய கேள்வி. தாய் நாயைப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன உடனே குட்டிகளை மடியில் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். மடியில் குட்டி வந்துவிட்டால் அப்புறம் யாருக்கும் கேள்வி கேட்க வாய் வராது.

அடுத்த முறை போகும்போது, “அண்ணாச்சி, முதல்ல தாயைப் பாத்துக்கிறேன்” என்று சொல்லுங்கள். பால் கொடுக்கிற நாய் கொஞ்சம் மெலிந்திருக்கும், முடி கொட்டியிருக்கும், அது சகஜம். ஆனால் தன்னை வளர்ப்பவரைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிறதா? உடம்பு முழுக்க உண்ணியா? இரண்டு நிமிடம் கழிந்தும் உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறதா? ராஜபாளையம் வேற்று ஆளிடம் சட்டென்று ஒட்டாது. எழுந்து நின்று குரைக்கும், சொந்தக்காரர் ஒரு அதட்டல் போட்டதும் ஒதுங்கி நின்று நம்மையே கவனிக்கும். அது நல்ல நாய். பயத்தில் கடிக்க வருவது வேறு. அந்தப் பயம் பிறப்பிலும் வரும், பக்கத்தில் இருந்து பழகியும் வரும். குட்டிக்கு இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது.

தகப்பன் அங்கே இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டாம். பெரும்பாலும் வேறு ஊரிலிருந்து இணை சேர்த்திருப்பார்கள். தாய் இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். ‘தோட்டத்தில் கட்டியிருக்கு’, ‘மச்சான் வீட்டுக்குப் போயிருக்கு’ என்று பதில் வந்தால், குட்டிகள் வேறு எங்கிருந்தோ வாங்கி விற்கப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது 45 நாள் கணக்கு. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி போட்டு விற்பதைத் தொழிலாகச் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். நம் ஊரில் 45 நாள் எப்படி வந்தது? நாலைந்து வாரத்தில் குட்டிகள் பால் மறக்கத் தொடங்கும். அதன் பிறகு ஏழு வாய்க்குத் தீனி, பூச்சி மருந்து, முதல் தடுப்பூசி எல்லாம் அவர் கையைவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் சீக்கிரம் கைமாற்றப் பார்க்கிறார்கள். ஆனால் 45-வது நாளுக்கு அப்புறம் வரும் அந்த இரண்டு வாரத்தில்தான் குட்டி, கூடப் பிறந்ததைக் கடித்து, அது கத்திக்கொண்டு விலகிப் போவதைப் பார்த்து, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. முன்னாலேயே தூக்கி வந்தால் அந்தப் பாடத்தை உங்கள் குழந்தையின் கையில் படிக்கும். ‘இரண்டு வாரத் தீனிச் செலவை நான் தருகிறேன், 60-வது நாள் வருகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். நாய் மேல் அக்கறை உள்ளவர் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்.

இனி உங்கள் வீட்டுக்காரர் கேட்கும் பால் வெள்ளைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நானே ஒருமுறை ஏமாந்தவன்.

பல வருடங்களுக்கு முன் அப்படியே பாலில் முக்கியெடுத்த மாதிரி ஒரு குட்டி வாங்கி வந்தேன். வாசலில் யார் வந்தாலும் அசையாது. ‘என்ன அமைதி!’ என்று பெருமைப்பட்டோம். தீபாவளியன்று காலையில் தெருமுனையில் பத்தாயிரம் வாலா வெடிக்கிறார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, இவன் கட்டிலுக்கு அடியில் மல்லாந்து தூங்குகிறான். என் அம்மாதான் முதலில் சொன்னாள், “டேய், இதுக்குக் காது கேக்கலடா.” விற்றவருக்கு போன் செய்தால், “எங்ககிட்ட நல்லாத்தான் கேட்டுச்சு” என்றார்.

காரணம் இதுதான். உள்காதில் ஒலியை உணரும் பகுதி உயிரோடு இருக்க அங்கே நிறமி செல்கள் தேவை. உடம்பில் வெள்ளை கூடக் கூட, சில குட்டிகளுக்கு அந்தச் செல்கள் காதுக்குள்ளும் இல்லாமல் போய்விடுகின்றன. பிறந்த சில வாரங்களிலேயே அந்தப் பகுதி பட்டுப்போகிறது. வெள்ளை உடம்பில் கரும்புள்ளி போட்ட டால்மேஷன் இன நாய்களில் இருக்கும் அதே பிரச்சினைதான். ராஜபாளையத்தில் அப்பழுக்கற்ற வெள்ளை, ரோஸ் மூக்கு என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் செவிட்டுக் குட்டிகளும் கூடவே வந்தன. வெள்ளை எல்லாம் செவிடு என்று அர்த்தமில்லை, பெரும்பாலானவை நன்றாகவே கேட்கும். பழுப்புத் திட்டு உள்ள குட்டியும் அதே தாய் வயிற்றில் பிறந்ததுதான். கண்காட்சிக்குக் கொண்டுபோகப் போவதில்லை என்றால் அந்தத் திட்டு ஒரு குறையே இல்லை. விலையில் குறைத்துக் கேட்க ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

காது கேட்கிறதா என்று பார்க்கக் குட்டியைத் தனியாகப் பிரிக்க வேண்டும். கூட்டத்தில் இருந்தால் மற்றவை எழுவதைப் பார்த்து அதுவும் எழுந்துவிடும். தனி அறையில் விட்டு, அது வேறு எதையோ மோந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். கை தட்டாதீர்கள், காற்று படும். காலைத் தரையில் உதைக்காதீர்கள், அதிர்வு தெரியும். காது அசைந்து தலை திரும்ப வேண்டும். முடிந்தால் தூங்கும்போதும் பாருங்கள், ஒரு பக்கம் புரட்டிப் படுக்கவைத்து ஒருமுறை, மறுபக்கம் ஒருமுறை. ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால், கேட்கிற காது தரையில் அமுங்கியிருக்கும்போது அது எழாது. இதுவும் முழுச் சோதனை ஆகாது. உறுதியாகத் தெரிய காதுக்கான மூளை அலைச் சோதனைதான் வேண்டும், அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் சாவிக்கொத்துக்குச் செலவு ஒன்றும் இல்லையே.

என்னுடையவன் பதினோரு வருடம் இருந்தான். கையசைவுக்குப் பழக்கினோம், கூப்பிட வேண்டுமென்றால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவோம். வாழ்ந்துவிடலாம். ஆனால் தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் தலையில் கட்டப்படுவது வேறு.

மற்றதெல்லாம் சீக்கிரம் பார்த்துவிடலாம். கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கக் கூடாது. ஈறு ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் பூச்சி ரத்தத்தைக் குடிக்கிறது. உடம்பு ஒட்டி வயிறு மட்டும் பானை போல இருந்தாலும் பூச்சிதான். தொப்புளில் மெத்தென்று வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கடுவன் என்றால் இரண்டு விரையும் இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். வாலைத் தூக்கி ஆசனவாய் சுத்தமா என்று பார்க்க வெட்கப்பட வேண்டாம், வயிற்றுப்போக்கை மறைக்கவே சில இடங்களில் வாடிக்கையாளர் வருமுன் குளிப்பாட்டி வைப்பார்கள்.

குணத்துக்கு வருவோம். ஓடிவந்து முதலில் காலைக் கவ்வும் குட்டியைத்தான் எல்லாரும் ‘அது என்னைத் தேர்ந்தெடுத்தது’ என்று எடுத்துவருகிறார்கள். அது அன்றைக்குப் பசியோடு இருந்திருக்கலாம். மற்ற ஆறும் அப்போதுதான் சாப்பிட்டுப் படுத்திருக்கலாம். அரை மணி நேரத்தில் ஒரு குட்டியின் குணம் தெரியாது. ஏழு, எட்டு வாரத்தில் செய்கிற சோதனைகள் வளர்ந்த நாயின் குணத்தைச் சரியாகச் சொல்வதும் இல்லை. அதனால் இரண்டு முறை போங்கள், ஒருமுறை காலையில், ஒருமுறை சாயங்காலம். இரண்டு முறையும் மூலையிலேயே ஒடுங்கியிருப்பதை விடுங்கள். மற்றவற்றின் மேல் ஏறி அடக்கிக்கொண்டே இருப்பதையும், முதல்முறை நாய் வளர்ப்பவர் என்றால், விடுங்கள். நடுவில் நாலைந்து மிஞ்சும். அவரிடமே கேளுங்கள்: “எங்க வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு, நீங்களா இருந்தா எதைக் கொடுப்பீங்க, ஏன்?” ஒரு மாதத்துக்கு மேல் பார்த்தவர் அவர். ஏன் என்பதற்கு அவர் சொல்லும் பதிலில் நாயும் தெரியும், அவரும் தெரிவார். ‘எல்லாமே சூப்பர் குட்டி சார், எதை வேணாலும் எடுங்க’ என்றால் வேறு இடம் பாருங்கள்.

உங்கள் பெட்டைக்குட்டி இதிலெல்லாம் தேறினால் என் ஓட்டு அதற்குத்தான்.

கேள்வி: இருபது நகம் இருந்தால்தான் அசல் நாட்டு நாய் என்றும், காதைப் பிடித்துத் தூக்கினால் கத்தாத குட்டியே வீரமானது என்றும் எங்கள் ஊர்ப் பெரியவர் சொல்கிறார். சிப்பிப்பாறைக் குட்டிக்கு இதைப் பார்க்கலாமா?

பதில்: முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நாலு நாலு, ஆக 18 நகம்தான் பொதுவான கணக்கு. சிலவற்றுக்குப் பின்காலிலும் ஒட்டு நகம் இருக்கும், அப்போது இருபது வரும். தெருநாய்க்கும் வரும், ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் வரும். காதைப் பிடித்துத் தூக்குவது வதை, தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: வாங்கி வந்த மூன்றாம் நாளே குட்டி வாந்தி, ரத்தப் பேதி. ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. டாக்டர் பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றார். விற்றவரோ ‘ஊசி போட்டுத்தான் கொடுத்தேன், உங்கள் வீட்டில்தான் வந்திருக்கும்’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: வருந்துகிறேன். பார்வோ கிருமி உடம்பில் புகுந்து நோய் வெளியே தெரியச் சாதாரணமாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சிலசமயம் இரண்டு வாரம்கூட ஆகும். மூன்றாம் நாளே வாந்தி என்றால் அங்கிருந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ‘வாய்ப்பு’ மட்டும் போதாது, காகிதம் வேண்டும். டாக்டரிடம் தேதி போட்ட சிகிச்சைச் சீட்டு, கிட் டெஸ்ட் (நோயை உடனே காட்டும் பரிசோதனை) எடுத்திருந்தால் அதன் முடிவு, மருந்து பில் எல்லாவற்றையும் வாங்கிவையுங்கள். அதே ஈற்றில் வேறு யாராவது குட்டி வாங்கியிருந்தால் விசாரியுங்கள். அங்கேயும் நோய் என்றால் உங்கள் பக்கம் பலமாகிவிடும்.

‘ஊசி போட்டாச்சு’ என்பதற்கு என்ன ஆதாரம்? தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து, தேதி மூன்றும் இருக்க வேண்டும். பேனாவால் ஒரு தேதி மட்டும் கிறுக்கியிருந்தால் அது ஊசி ஆகாது. உண்மையாகவே போட்டிருந்தாலும் ஆறேழு வாரத்தில் போடும் முதல் ஊசி மட்டும் காப்பாற்றிவிடாது. தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் மிச்சமிருக்கும்போது தடுப்பூசி சரியாக வேலை செய்வதில்லை. அதனால்தான் மூன்று, நான்கு வார இடைவெளியில் 16 வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

முதலில் அவருக்கு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம், விற்றவர் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது இல்லையே என்று கை விரித்துவிடாதீர்கள், ஜிபேயில் அனுப்பிய பதிவும் அவர் அனுப்பிய மெசேஜ்களும் ஆதாரம்தான்.

ஒன்று முக்கியம். அந்த இடத்தில் உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவராதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சாதாரண பினாயிலுக்கு அசையாது. தரையைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அடுத்து வருவது தடுப்பூசி முழுதாக முடிந்த நாயாக இருக்கட்டும்.

கேள்வி: இணையத்தில் கோம்பை நாய்க்குட்டிப் படம் பார்த்து 3,000 முன்பணம் அனுப்பினேன். இப்போது ‘குட்டி வண்டியில் ஏறிவிட்டது, இன்சூரன்ஸுக்கு 4,500 அனுப்புங்கள், வந்ததும் திருப்பித் தருவோம்’ என்கிறார்கள்.

பதில்: வண்டியும் இல்லை, குட்டியும் இல்லை. இதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. அடுத்த முறை, பணம் அனுப்பும் முன் வீடியோ காலில் வரச் சொல்லி, ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதிக் குட்டி பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கேமரா ரிப்பேர் என்பார்கள்.

கேள்வி: அடுத்த வாரம் குட்டியை எடுத்துவருகிறோம். நாலைந்து மணி நேரப் பயணம். என்ன கொண்டுபோக வேண்டும்?

பதில்: இரண்டு பழைய துண்டுகள். ஒன்றை இப்போதே கொடுத்தனுப்பி, தாயும் குட்டிகளும் படுக்கும் இடத்தில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். வரும்போது அதில் குட்டியைச் சுற்றி எடுத்துவாருங்கள். கிளம்புமுன் மூன்று மணி நேரம் தீனி வேண்டாம், தண்ணீர் போதும், இல்லாவிட்டால் வண்டியெல்லாம் வாந்தி. அதற்குத்தான் இரண்டாவது துண்டு. வழியில் டீக்கடை வாசலிலோ பெட்ரோல் பங்கிலோ தரையில் இறக்கிவிடாதீர்கள், மடியிலேயே இருக்கட்டும். அங்கே என்ன தின்றதோ அதில் ஒரு வாரத்துக்கு வாங்கிவாருங்கள், தீனியை மெதுவாக மாற்றலாம். முதல் இரண்டு ராத்திரி அழும். தாய் வாசம் உள்ள துண்டைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டு, படுக்கையை உங்கள் கட்டில் பக்கத்தில் வையுங்கள்.