ஓவுலேஷன் கிட்: இரண்டு கோடு தெரிந்தும் ஏன் ‘நெகட்டிவ்’?

கேள்வி: மூன்று மாதமாக, 5 ஸ்ட்ரிப் உள்ள ஓவுலேஷன் கிட் (முட்டை வெளியேறும் நாளைச் சிறுநீரில் கண்டறிவது) வாங்கி, பீரியட்ஸ் வந்த 10-ஆம் நாளிலிருந்து தினமும் காலையில் எழுந்ததும் பார்க்கிறேன். இரண்டாவது கோடு வருகிறது; ஆனால் மங்கலாகவே இருக்கிறது. எனக்கு 33 நாளுக்கு ஒருமுறை பீரியட்ஸ். கிட் சரியில்லையா? கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: கிட்டில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை, நாள் கணக்குதான் உதைக்கிறது. முட்டை வெளியேறிய பின் அடுத்த பீரியட்ஸ் வரப் பெரும்பாலும் 14 நாள் ஆகும். சுழற்சி நீளமாக இருந்தால், நீண்டிருப்பது அநேகமாக முன்பாதிதான். ஆக, உங்களுக்கு முட்டை வெளியேறுவது 19-ஆம் நாளையொட்டி. உங்கள் ஐந்து ஸ்ட்ரிப்பும் 14-ஆம் நாளிலேயே தீர்ந்துவிடுகின்றன!

சுழற்சி நாட்களில் 17-ஐக் கழியுங்கள். 33-இல் 17 போனால் 16, அன்றிலிருந்து தொடங்குங்கள். 28 நாள்காரர்களுக்கு 11-ஆம் நாள். மாதாமாதம் 30-க்கும் 35-க்கும் இடையே ஆடுகிறது என்றால் குறைந்த எண்ணை வைத்து 13-ஆம் நாள் தொடங்கி, 22 வரை பார்க்க வேண்டியிருக்கும். அதற்கு 10 ஸ்ட்ரிப் வேண்டும். 5 உள்ள பெட்டி போதாது.

அடுத்தது கோடு. கர்ப்பப் பரிசோதனை அட்டையில் மங்கலான கோடும் ‘பாசிட்டிவ்’தான். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. இந்த ஸ்ட்ரிப் அளப்பது, முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோனை. அது எல்லா நாளும் உடலில் கொஞ்சம் இருக்கும், அதனால் மங்கல் கோடு சும்மாவே வரும். ‘டி’ என்ற இடத்துக் கோடு, ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று காட்டும் ‘சி’ கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருந்தால்தான் கணக்கு. அப்படி வந்தால் அடுத்த 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியேறலாம். அன்றும் மறுநாளும் சேருங்கள். வெளியேறிய முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட இல்லை. விந்தணு 5 நாள் வரை தாங்கும். அதனால் கோடு அடர்த்தியாகட்டும் என்று முந்தைய நாட்களை வீணாக்க வேண்டாம்.

அதிகாலைச் சிறுநீரும் இதற்குத் தோதல்ல. எல்.எச். ஏற்றம் பெரும்பாலும் விடியற்காலையில் ரத்தத்தில் தொடங்கி, சிறுநீரில் தெரியச் சில மணி நேரம் ஆகும். மதியம் 2 மணியளவில், தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல், தண்ணீர், மோர், காபி எல்லாம் குறைத்துக்கொள்ளுங்கள். நிறையக் குடித்தால் ஹார்மோன் நீர்த்துப்போய்க் கோடு வெளுக்கும். அம்புக்குறிக் கோட்டுக்கு மேல் நனையவிடாமல் முக்கி, 5 நிமிடத்தில் படியுங்கள். அரைமணி கழித்து எடுத்துப் பார்த்து ‘இப்போது அடர்ந்துவிட்டது’ என்று மகிழ்வது வீண். பெட்டிக்குள் உள்ள தாளில் நேரம் வேறாகச் சொல்லியிருந்தால் அதுவே சரி.

‘சி’ கோடே வராவிட்டால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது. ஒழுங்காக முக்கியும் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று அப்படி என்றால் பில், பேட்ச் எண், புகைப்படத்துடன் கடையில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்கிறது. அதிலேயே உடல் வெப்பம் குறித்துவந்தால் போதாதா?

பதில்: போதாது. முட்டை வெளியேறிய பின் வெப்பம் ஏறுவது 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ்தான். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் கருவி வாங்குங்கள் (36.45 என்பது போல). எழுந்தவுடன், பாயை விட்டு இறங்குமுன், வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து ஏறியிருந்தால் முட்டை வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அதாவது நடந்து முடிந்ததைச் சொல்லும்; நாளை நடக்கப்போவதைச் சொல்லாது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இதில் காசு போட வேண்டாம்.

கேள்வி: எனக்குக் கருப்பையில் அல்ல, சினைப்பையில் நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.). ஆன்லைனில் 50 ஸ்ட்ரிப் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீர்க்கட்டி உள்ளவர்களில் பலருக்கு எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கும். நாளுக்கு நாள் ‘பாசிட்டிவ்’ காட்டும், முட்டை மட்டும் வராது. ஸ்ட்ரிப் அளப்பது ஹார்மோனைத்தான், முட்டையை அல்ல. உங்களுக்கு ஃபாலிகுலர் ஸ்கேன் (முட்டை வளர்வதைப் பார்க்கும் ஸ்கேன்) அல்லது எதிர்பார்க்கும் பீரியட்ஸுக்கு 7 நாள் முன் புரொஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனைதான் தெளிவு தரும். முட்டை வளரவோ வெளியேறவோ ஊசி போட்டிருந்தால் ஸ்ட்ரிப் முடிவை நம்பவே கூடாது; கர்ப்ப ஹார்மோன் (எச்.சி.ஜி.) ஊசியையும் அது எல்.எச். என்றே எடுத்துக்கொள்ளக்கூடும்.

நீர்க்கட்டி இல்லாதவர்கள் மொத்தமாக வாங்கினாலும், ஒவ்வொரு ஸ்ட்ரிப்பும் தனித்தனி அலுமினியப் பொட்டலத்தில் இருக்கிறதா, காலாவதி தேதி, அதிகபட்ச விலை, இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் முகவரி எல்லாம் அச்சாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். ‘எச்.சி.ஜி.’ என்று போட்டிருந்தால் அது கர்ப்பப் பரிசோதனை. இரண்டும் கலந்த பெட்டிகளில் இப்படி மாறிப்போவது சகஜம். மே மாத வெயிலில் கூரையடி அலமாரியில் வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் ஸ்ட்ரிப் கெடக்கூடும்.