சார்ஜரைக் கழற்றும் முன் மீட்டரை வையுங்கள்: படகு பேட்டரி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி சார்ஜர் பற்றியவை. அதிலும் பாதிப் பேர் பேட்டரி என்ன வகை, எத்தனை ஆம்பியர் மணி, மீட்டரில் எவ்வளவு காட்டியது என்று எதையும் எழுதவில்லை. இந்த மூன்றும் தெரியாமல் பதில் சொன்னால் அது வெறும் ஊகம். ஊகத்தை நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் ராத்திரி பிரிட்ஜும் இரண்டு விளக்கும் ஓடினாலே காலையில் கேபின் பேட்டரி காலி. புது சார்ஜர் வாங்கலாமா?

பொறுங்கள். பச்சை விளக்கு என்றால் சார்ஜர் தன் வேலையை முடித்துவிட்டதாக நினைக்கிறது, அவ்வளவுதான். முதலில் சார்ஜர் ஓடும்போதே மீட்டரை பேட்டரி டெர்மினலில் வையுங்கள். காலியான 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் வோல்டேஜ் மெதுவாக ஏறி 14.4 பக்கம் வந்து, சில மணி நேரம் அங்கே நின்று, அப்புறம் 13.5-க்கு இறங்க வேண்டும். அரை மணியிலேயே 14.4-ஐத் தொட்டு பச்சை எரிந்துவிட்டால் சார்ஜரில் குறை இல்லை, பேட்டரிக்குள் சல்பேட் படிந்து அது கரண்டை வாங்க மறுக்கிறது. பிறகு எல்லாவற்றையும் அணைத்து ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். 12.7 நின்றால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 10.5 பக்கம் போய் நின்றால் ஒரு செல் ஷார்ட், பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். சார்ஜரை ஆன் செய்தும் டெர்மினலில் வோல்டேஜ் அசையவே இல்லையா, அப்போதும் முதலில் கரை மின்சாரப் பக்கம், பேட்டரிப் பக்கம் என இரண்டு ப்யூஸையும் பாருங்கள், சார்ஜரைச் சந்தேகிப்பது கடைசியில்.

கேள்வி: 200 ஆம்பியர் மணி பேட்டரிக்கு எத்தனை ஆம்ப் சார்ஜர்?

ஈய-அமில பேட்டரி என்றால் 20 முதல் 30. சார்ஜ் ஆகும் நேரத்திலேயே பிரிட்ஜும் ஓடுமென்றால் 30 பக்கமே போங்கள்.

கேள்வி: வீட்டில் கார் சார்ஜர் சும்மா கிடக்கிறது, அதையே படகில் நிரந்தரமாக மாட்டிவிடலாமா?

கூடாது. உப்புக் காற்றையும் அதிர்வையும் அது தாங்காது. பழைய மாடல் என்றால் நிறைந்த பிறகும் நிறுத்தாமல் தள்ளிக்கொண்டே இருந்து பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும்.

கேள்வி: புது சார்ஜர் மாட்டினேன். சார்ஜர் முனையில் 14.4 இருக்கிறது, பேட்டரியில் 13.8 தான். திருப்பிக் கொடுத்துவிடவா?

மீட்டரோடு எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான், நன்றி. சார்ஜரில் குற்றமில்லை, வயர்தான் மெல்லியது. 20 ஆம்ப், 5 மீட்டர் தூரம், 6 சதுர மில்லிமீட்டர் வயர் என்றால் போக வர 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.2-க்கு வந்துவிடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயராகவே வாங்குங்கள், சாதாரணச் செம்பு உறைக்குள்ளேயே களிம்பு ஏறிக் கருத்துப்போகும். பாசிட்டிவில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ப்யூஸ் இருக்கட்டும்.

கேள்வி: படகின் உலோகம் அரிக்காமல் காக்க மாட்டிய துத்தநாகக் கட்டிகள் ஒரே சீசனில் கரைந்துவிடுகின்றன. கரை மின்சாரத்தின் எர்த் வயரை சார்ஜரிலிருந்து எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்துப் படகுக்காரர் சொன்னார். செய்யலாமா?

எடுக்கவே எடுக்காதீர்கள். ஏற்கனவே எடுத்திருந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்த யோசனை துறைக்குத் துறை பரவிக்கொண்டே இருக்கிறது, எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எர்த்தை வெட்டினால் அரிப்பு குறையும் என்பது உண்மைதான், ஏனென்றால் கரை எர்த் வழியாக உங்கள் படகின் உலோகமும் பக்கத்துப் படகுகளின் உலோகமும் தண்ணீருக்குள் ஒரே பேட்டரிபோல ஆகிவிடுகின்றன. ஆனால் ஒருநாள் சார்ஜருக்குள் இன்சுலேஷன் போய் 230 வோல்ட் அதன் உடலில் ஏறும்போது என்ன ஆகும்? எர்த் இருந்தால் கரண்ட் அதில் ஓடி பிரேக்கர் விழும். இல்லையென்றால் அந்தக் கரண்ட் சார்ஜர் உடல், நெகட்டிவ் வயர், என்ஜின், ஷாஃப்ட், புரொப்பெல்லர் என்று இறங்கித் தண்ணீருக்குப் போய்விடும். பக்கத்தில் நீந்துபவர் உடலில் 20 மில்லியாம்ப் பாய்ந்தாலே கை கால் பேச்சைக் கேட்காது, மூழ்கிவிடுவார், உடம்பில் ஒரு தீக்காயம்கூட இருக்காது. கடல்நீரைவிட நன்னீரில் ஆபத்து அதிகம், அங்கே தண்ணீரைவிட மனித உடல்தான் கரண்டுக்கு நல்ல பாதை. அரிப்புக்கு மருந்து கால்வானிக் ஐசோலேட்டர். அதை எர்த் வயரில் தொடராக மாட்டினால் ஒரு வோல்ட் அளவிலான சின்ன டிசியைத் தடுக்கும், பழுதுக் கரண்டை மட்டும் விட்டுவிடும். செலவு செய்ய முடிந்தால் கரையோடு நேரடி வயர் தொடர்பே இல்லாமல் மின்சாரம் தரும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் இன்னும் நல்லது. கூடவே 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். புது சார்ஜர் மாட்டியதும், கரை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் உடலுக்கும் படகின் எர்த் பட்டைக்கும் நடுவே மீட்டரை வையுங்கள், 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும்.

கேள்வி: சார்ஜ் ஆகும்போது கேபினில் அழுகிய முட்டை நாற்றம். கார்பன் மோனாக்சைடு அலாரமும் அடித்தது, அலாரம் பழுதா?

அலாரம் தன் வேலையைச் செய்திருக்கிறது. முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது விஷம். பேட்டரி கொதித்து ஹைட்ரஜனும் வருகிறது, இந்த அலாரங்களில் பல அதற்கும் அடிக்கும். கரை பிளக்கைக் கரையிலேயே பிடுங்குங்கள், ஹட்ச்சுகளைத் திறந்து காற்றோட விடுங்கள், உள்ளே எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். பேட்டரி ஆறிய பிறகு அதையும் சார்ஜரையும் சேர்த்தே சோதிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு செல் ஷார்ட் ஆனாலும் இப்படித்தான் கொதிக்கும், சார்ஜர் 15-க்கு மேல் தள்ளினாலும் இப்படித்தான்.

கேள்வி: பேட்டரி பெட்டிக்கு நேர் மேலே இடம் காலியாக இருக்கிறது, அங்கே சார்ஜரை மாட்டலாமா?

வேண்டாம், அமில ஆவி நேராக அதற்குள் போகும். பக்கவாட்டில், காற்றுப் படும் சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி: லித்தியத்துக்கு மாறுகிறேன், பழைய சார்ஜர் போதுமா?

லித்தியம் செட்டிங் இருந்தால் போதும். இல்லையென்றால், முக்கியமாக ஈக்வலைஸ் (வேண்டுமென்றே வோல்டேஜை உயர்த்தி ஏற்றுவது) தானாக ஓடும் மாடல் என்றால், மாற்றிவிடுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது.

கேள்வி: சார்ஜரை மாற்றும்போது எந்த வயரை முதலில் கழற்றுவது?

கரை பிளக், சோலார் இருந்தால் அது, அப்புறம் பேட்டரி நெகட்டிவ், கடைசியில் பாசிட்டிவ். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.